அரைச் சொம்பு ஆசிட் தண்ணீர்

2024 பிப்ரவரி 5, திங்கள்

அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலேப் தலையில் விழப்போகிறது என்று ஊரெல்லாம் ஆடும் கோழியும் அறுத்துத் தின்ற வருசம். கோயம்புத்தூர் ஜில்லாவை வெட்டி ஈரோட்டைத் தனியாகப் பெரியார் மாவட்டம் என்று ஆக்கினார்களே, அதே வருசம். எண் போட்டுச் சொல்லு என்றால் எனக்குத் தெரியாது. அந்த வருசம் ஐப்பசியில்தான் என்னோடு வேலை பார்த்த அர்த்தநாரிக்கு ரெண்டு கண்ணும் போனது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்றைக்குக் கண்ணாஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டது அப்படி. வலது கண்ணில் புரை எடுக்கப் படுத்திருந்தேன். சீட்டில் தொழில் பிளீச்சிங் பட்டறை என்று இருந்ததாம். முன்னே எப்போதாவது கண்ணில் ஆசிட், காஸ்டிக் பட்டிருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பட்டதில்லை என்றேன். அது நிஜந்தான்.

கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்து விட்ட நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குறிப்பது மருமகள் கோகிலவாணி. சாயத்தண்ணீர் சுத்தம் பண்ணும் நிலையத்தில் லேப்பில் இருக்கிறாள். அங்கே மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. மகன் லாரியோடு வடக்கே போயிருக்கிறான், வர மாசமாகும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குறிக்கிறது குறிக்கிறாய், நான் சொல்வதையும் நாலு வரி போட்டு வை அம்மிணி என்றேன். சரிங்க மாமா என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு. ஞாபகம்தான் எனக்கு நோட்டு. அதில் ஒன்றும் அழிந்ததில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கட்டு அவிழ்த்தாயிற்று. சொட்டு ஆறு தடவை. வெள்ளை மூடி புட்டி ஒன்று, ஊதா மூடி ஒன்று. ஒரு மாசத்துக்கு முகத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாதாம். ஈரத்துணியில் ஒற்றி எடுக்க வேண்டுமாம். எழுபத்தேழு வயசில் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சொட்டு ஆறு தடவை.

நீலம் இப்படியா இருக்கும். கோகிலாவின் ஸ்கூட்டர் சாம்பல் நிறம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொன்னால் சிரிக்கிறாள். "அப்ப என் மூஞ்சியும் இத்தனை நாள் தப்பாத்தான் தெரிஞ்சிருக்கும், இன்னொருக்காப் பார்த்துக்குங்க மாமா" என்கிறாள்.

பட்டறையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நீளக் கொட்டகை. தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக, கஞ்சியோடு வரும். காஸ்டிக் சோடாக் காரத்தில் வேகவைப்போம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டு வெளுப்போம். கடைசியில் ஆசிட் தொட்டியில் முக்குவோம். கந்தக ஆசிட்டைத் தண்ணீரில் விட்டுக் கலக்கிய தொட்டி அது. அதில் முக்கினால் துணியில் இருக்கும் காரம் செத்துப் போகும். பிறகு வாய்க்காலில் அலசல்.

காரம் செத்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஈரோட்டில் மஞ்சளுக்கா பஞ்சம்? துணித்துண்டில் மஞ்சள் தேய்த்துக் குச்சியில் கட்டி வைத்திருப்பேன். அதை ஈரத்துணியில் ஒற்றுவேன். காரம் மிச்சமிருந்தால் குங்குமமாகச் சிவக்கும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். மேஸ்திரி பொங்கியண்ணன் பத்தாவது முடித்தவர். அவரே என் குச்சி சரி என்றால்தான் துணியை வெளியே விடுவார். பாய்லர் பார்த்த காதர் பாய், "சென்னியப்பன் குச்சி சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி" என்பார். எனக்குக் கர்வம் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

அர்த்தநாரி என் சேக்காளி. காஸ்டிக் கரைப்பவன். அப்போதெல்லாம் அது இரும்பு டிரம்மில் கல்லாக இறுகி வரும். சம்மட்டியில் உடைத்து, கட்டி கட்டியாகத் தண்ணீரில் விட வேண்டும். விட்டால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். அன்றைக்குக் காலையில் பெரிய கட்டி ஒன்று கை நழுவி விழுந்துவிட்டது. தெறித்து ரெண்டு கண்ணிலும். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ எடுத்து ஊற்றினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோகிலாவுக்கு லீவு. லேப்பிலிருந்து ஒரு சுருள் தாள் கொண்டுவந்திருந்தாள், ரிப்பன் மாதிரி. தேதி முடிந்துபோனதாம், வீட்டு விளையாட்டுக்குப் போதுமாம். அதை நனைத்தால் நிறம் மாறும். டப்பா மேல் ஒட்டிய நிறப் படத்தோடு வைத்துப் பார்த்தால் எண் தெரியும். பூச்சியத்திலிருந்து பதினாலு வரைக்கும். ஏழு நடு. ஏழுக்குக் கீழே போகப் போக ஆசிட் கூடும், மேலே போகப் போகக் காரம் கூடும்.

அடுக்களை மேடையில் அஞ்சு கிண்ணம் வைத்தாள். எலுமிச்சைச் சாறு, மோர், குழாய்த் தண்ணீர், சலவைச் சோடா, வெற்றிலைச் சுண்ணாம்பு. தாளை நனைத்து எண் சொன்னாள். எலுமிச்சை ரெண்டு. மோர் நாலரை. தண்ணீர் ஏழரை. சோடா பதினொன்று. சுண்ணாம்பு பன்னிரண்டு.

"இப்ப உங்க குச்சியக் கொண்டாங்க மாமா" என்றாள்.

நாற்பத்தைந்து வருசம் கழித்து மஞ்சள் துணி கட்டினேன். சுண்ணாம்பில் வைத்தேன், சிவந்தது. சோடாவில் சிவந்தது. தண்ணீரில் மஞ்சள். மோரில் மஞ்சள். எலுமிச்சையிலும் அதே மஞ்சள். புதுக் கண்ணை வைத்து உற்று உற்றுப் பார்த்தேன். மூன்றுக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை.

மஞ்சள் எட்டுக்கு மேலேதான் மாறுமாம். அதற்குக் கீழே நல்ல தண்ணீர் என்றாலும் மஞ்சள்தான், சதையைத் தின்கிற ஆசிட் என்றாலும் மஞ்சள்தான். காரம் இருக்கிறதா என்றுதான் அது சொல்லும். ஆசிட் இருக்கிறதா என்று அதைக் கேட்டால் பேசாது.

கிண்ணத்தையெல்லாம் நானே கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

சொட்டு ஆறு தடவை. ரேசன் அரிசி வந்தது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 14, புதன்

எட்டாம் தேதி எழுதியதைப் படிக்கச் சொன்னேன். "ஏதோ எடுத்து ஊற்றினார்கள்" என்று படித்தாள். என்ன ஊத்துனாங்க மாமா என்று கேட்டாள். யார் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

நான்தான் ஊற்றினேன்.

அர்த்தநாரி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டுவிட்டான். அவன் சம்சாரமும் எங்களோடுதான் வேலை, துணி அலசிக் காயப்போடுகிறவள். கட்டி மூன்று வருசம். சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்தாள். அவன் முகத்துக்கு நேராகக் குடத்தைச் சாய்க்கப் போனாள். நான் குறுக்கே விழுந்து பிடுங்கிவிட்டேன். தண்ணியூத்தாதே, கொதிக்கும் என்று கத்தினேன். ஏனென்றால் நாங்கள் தினமும் பார்ப்பது அதுதான். காஸ்டிக்கும் தண்ணீரும் சேர்ந்தால் கொதிக்கும். அப்போதுகூட காஸ்டிக் கரைக்கிற டிரம் பின்னால் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

காரத்தைக் கொல்வது ஆசிட். அது என் தொழில். தொட்டியிலிருந்து அரைச் சொம்பு மொண்டேன். கண்ணாயிற்றே, சாந்தமாக இருக்கட்டும் என்று அவள் குடத்துத் தண்ணீரையே மீதி அரைக்கு விட்டேன். அந்த அவசரத்திலும் குச்சியை முக்கிப் பார்த்தேன். மஞ்சளாகவே நின்றது. மஞ்சள் என்றால் எனக்கு நல்ல தண்ணீர்.

ஊற்றினேன். அவன் கத்திய கத்தலைச் சொல்லமாட்டேன். பிறகு கன்னத்தில் மஞ்சள் துணியை ஒற்றினேன். சிவக்கவில்லை. அடங்கிருச்சு, காரம் செத்துருச்சு என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதோடு யாரும் எதுவும் ஊற்றவில்லை.

கோகிலாவின் பேனாச் சத்தம் நின்றுவிட்டது.

"தண்ணிதானுங்க மாமா ஊத்தோணும். வெறும் தண்ணி. அரை மணி நேரம் விடாம. கண்ணுல எது பட்டாலும் அதுதான். எங்க லேப்புல செவுத்துல எழுதியே ஒட்டியிருக்குது."

எங்கள் கொட்டகையிலும் தகரம் ஒன்று அடித்திருந்தது, சிவப்பு எழுத்தில். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

பிப்ரவரி 17, சனி

சொட்டு நாலு தடவையாகக் குறைத்துவிட்டார்கள். கண் நன்றாக இருக்கிறதாம்.

கோகிலாவிடம் வாதாடினேன். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேனே, அப்போது ஆசிட்டும் பாதிதானே என்றேன். தொட்டித் தண்ணீர் அந்தத் தாளில் என்ன காட்டும் என்று கேட்டேன். நான் சொன்ன அளவுக்கு ஒன்று காட்டும் என்றாள். நல்ல தண்ணீர் ஏழு. நடுவே ஆறு எண்தானே, பாதி தண்ணீர் கலந்தால் மூன்று நாலு ஏறியிருக்காதா என்றேன்.

"அது அப்படி ஏறாதுங்க மாமா. ஒரு படி ஏற, ஒரு சொம்பைப் பத்துச் சொம்பாக்கோணும். ரெண்டு படின்னா நூறு சொம்பு. ஆறு படின்னா பத்து லட்சம். நீங்க ஒண்ணை ரெண்டாக்குனீங்க. அதுக்குக் கால் படிக்குக் கொஞ்சம் மேல ஏறும். அவ்வளவுதான்."

எலுமிச்சை ரெண்டு காட்டியதே, அதைக் குடிக்கிறோமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு கட்டுத்தறியில் நூறு மாடு கட்டியிருக்கிறது. எலுமிச்சைக்காரன் அதில் நாலஞ்சு மாட்டைத்தான் அவிழ்த்துவிடுவான். மிச்சம் கயிற்றிலேயே நிற்கும். கந்தக ஆசிட்காரன் தண்ணீரில் விழுந்ததுமே கயிற்றை அறுத்துவிடுவான். முட்டுவது அவிழ்ந்த மாடு. அந்த எண் அவிழ்ந்த மாட்டைத்தான் எண்ணுகிறது. எலுமிச்சையும்கூடக் கண்ணில் ஊற்றுகிற பண்டமில்லை என்றாள். வாயும் கண்ணும் ஒன்றா என்று கேட்டாள்.

கால் படி. அதற்குத்தான் சாந்தமாக இருக்கட்டும் என்று கலந்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

அர்த்தநாரியின் சம்சாரத்தைப் பற்றி.

அவள்தான் கண்ணைக் கெடுத்தாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. காஸ்டிக் பட்ட கண்ணில் புருசனுக்குத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்துவிட்டாளாம். எப்படியோ அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. மாமியாக்காரி வாசலில் நின்று கண்ணை அவிச்சவளே என்றுதான் கூப்பிடுவாள், பேர் சொல்ல மாட்டாள். தெருக்குழாயில் இவள் குடம் வைத்தால், "பார்த்து, தண்ணியில கை வெச்சுட்டா" என்று கேலி. எனக்கும் தெரியும். அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போவேன்.

சொம்பில் பாதி அவள் தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு.

பிப்ரவரி 21, புதன்

கோகிலா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களே மாமா, டாக்டர் என்ன சொன்னாருங்க? எந்த டாக்டரா இருந்தாலும் தண்ணி ஊத்துனீங்களான்னுதானே மொதல்ல கேப்பாரு?"

ஞாபகமில்லை என்றேன்.

அவள் ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவுகிறபோது முகத்தில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

சொட்டு நாலு தடவை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வேன். செவ்வாய். காதர் பாய் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு வந்தார், வலது மாட்டுக்குக் கொம்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முறுக்கு விற்றவளுக்கு ஆறு விரல். டாக்டருக்கு மீசை இல்லை, சட்டைப் பையில் மசிக் கறை. இதெல்லாம் இருக்கிறது. அவர் சொன்னது மட்டும் இல்லாமல் போகுமா?

அர்த்தநாரி சம்சாரத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நான் மட்டும். டாக்டர் இமையை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தண்ணி ஊத்துனீங்களா? எவ்வளவு நேரம்?"

ஊற்றினோம் என்றேன். கொஞ்சம் ஊற்றினோம் என்றேன்.

"கொஞ்சம் பத்தாதே. நெறையா ஊத்தியிருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாமே" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். வெளியே மேஸ்திரி பொங்கியண்ணன், அர்த்தநாரியின் ஆத்தாள், அவன் சம்சாரம். டாக்டர் என்ன சொன்னார் என்று ஆத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கியண்ணன் என் முகத்தையே பார்க்கிறார். அவர் கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தார், அவருக்குக் குடம் வந்ததும் சொம்பு வந்ததும்தான் தெரியும். எனக்கு முப்பத்திரண்டு வயசு. என் குச்சி கோர்ட்டு.

"தண்ணி பட்டுருச்சாமா. அதுல கொதிச்சுப் போச்சாமா" என்றேன்.

ஆத்தாள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். எப்படியோ கிளம்பியது என்று சொன்னேனே, அந்தப் பேச்சு அங்கேதான் கிளம்பியது.

ரெண்டு வாரமாக இந்த டைரியில் தாளும் எண்ணும் இப்போதுதான் தெரிந்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். படியும் பத்து மடங்கும் இப்போதுதான் தெரியும், அது நிஜம். ஊற்ற வேண்டியது தண்ணீர் என்பது அன்றைக்கே தெரியும்.

கோகிலா எழுதி முடித்து மூடி வைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. "அந்தம்மா இருக்காங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அறச்சலூரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

"போலாமுங்களா?"

கண் ஆறட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறிரும் என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

போனோம். ஸ்கூட்டரில் தூசி படாமல் ஆஸ்பத்திரிக் கறுப்புக் கண்ணாடி.

அங்கே குழாயில் தண்ணீர் வந்த நாள். வாசலில் வரிசையாகக் குடம். பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்கண்ணா, கண்ணு ஆப்ரேசனுங்களா? ரெண்டு கொடம் இருக்குது, பிடிச்சுட்டு வந்தர்றேன், தண்ணி நின்னுரும்" என்றாள்.

உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது என்று தெரிந்தது. குழாயடியில் நின்றபடியே சொன்னேன்.

"அம்மிணி, அன்னைக்கு நீ கொண்டாந்த தண்ணிதான் சரி. அதை ஊத்தியிருந்தா அவன் கண்ணு பொழைச்சிருக்கும். பிடுங்குனது நான். ஆசிட்டை ஊத்துனது நான். உன் மாமியாகிட்ட உன்மேல சொன்னதும் நான்."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கோகிலா போய்க் குழாயை மூடினாள்.

"சொம்புல நீங்க ஊத்துனது நல்ல தண்ணின்னுதானுங்களே நெனைச்சேன்" என்றாள். "என் கொடத்துலிருந்து விட்டதைத்தானே பார்த்தேன். அப்ப என் தண்ணிதான் கொதிச்சுதுன்னு நானே நம்பிட்டனுங்க."

பிறகு கேட்டாள். "டாக்டர் அன்னைக்கே சொன்னாருங்களா?"

சொன்னார் என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே இன்னொரு தரம் துடைத்தாள். அவள் பேசியதை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

"முப்பத்தோரு வருசம் இருந்தாருங்க. ஒரு நாளும் வாயெடுத்துச் சொன்னதில்லை. ஆனா நான் சொம்பைத் தூக்குற சத்தம் கேட்டா மொகத்தை அக்கட்டத் திருப்பிக்குவாருங்க. அதனால மேலுக்குத்தான் தண்ணி ஊத்துவேன். மொகத்துக்கு ஈரத்துணிதான். முப்பத்தோரு வருசமும் ஈரத்துணிதான். செத்த அன்னைக்குக் குளிப்பாட்டறப்ப, பொண்டாட்டி ஊத்தோணும்னு சொம்பைக் குடுத்தாங்க. எனக்குக் கை வரலை. அன்னைக்கும் துணியிலதான் தொடைச்சேன்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கேட்கவில்லை. கேட்டால் அவள் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றக்கூடாது.

கோகிலா கையில் டைரி இருந்தது. அது என்ன புஸ்தகம் என்று அவள் கேட்டாள். மாமா சொல்லச் சொல்ல எழுதுறதுங்க, அன்னைக்கு நடந்ததெல்லாம் இருக்குது என்றாள் கோகிலா.

"என் பேரு இருக்குதுங்களா?"

கோகிலா முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ரொம்ப நேரம் புரட்டினாள். எனக்குத் தெரியும், இருக்காது.

"இல்லீங்க. அர்த்தநாரி சம்சாரம்னு போட்டிருக்குதுங்க."

"என் பேரைப் போட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கோகிலாவைப் பார்த்துத்தான் சொன்னாள். குனிந்து நிறைந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. அவள் மகள்தான் வந்து காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

டாக்டர் பார்த்தார். இனிமேல் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்றுவிட்டார். கோகிலா சொம்பில் மொண்டு வைத்திருக்கிறாள். இன்னும் ஊற்றிக்கொள்ளவில்லை.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுதிய பிறகு எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். நாளைக்கு அதைக் கொண்டுபோய் அறச்சலூரில் படித்துக் காட்ட வேண்டும். அவள் வேண்டாம் என்றால் வாசலில் நின்று அந்தத் தெருவுக்குப் படிக்க வேண்டும்.

ஐப்பசி மாசம், செவ்வாய்க்கிழமை காலை, வாய்க்கால் கரைக் கொட்டகையில் அஞ்சு பேர் இருந்தோம். மேஸ்திரி பொங்கியண்ணன், நெஞ்சுவலியில் போய் இருபத்திரண்டு வருசம். பாய்லர் காதர் பாய், கொரோனாவில் போனார். அர்த்தநாரி போய்ப் பதினாலு வருசம். ஆசிட் தண்ணீரை ஊற்றியவன் சென்னியப்பன், நான், என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நல்ல தண்ணீர் கொண்டு ஓடிவந்தது ஒரே ஒருத்தி. அவள் இருக்கிறாள். அவள் பேர் மயிலாத்தாள்.